ஐந்து நாட்டு டீம்: “அவர்கள் கலாச்சாரம் அப்படி” என்று விட்டுவிடலாமா?

கோவையைச் சேர்ந்த 31 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பம்ப் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகள் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவர். கல்விக் கடன் வாங்கிக்கொண்டு, தெற்கு ஜெர்மனியில் ஒரு மேலாண்மைப் பள்ளியில் ஆங்கில வழி எம்பிஏ படிக்கிறார். படிப்பின் ஒரு பகுதியாக, வால்வு தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்துக்குப் பத்து வார ஆலோசனை புராஜெக்ட் செய்ய வேண்டும். அந்த நிறுவனம் இந்தியாவில் சர்வீஸ் சென்டர் திறக்கலாமா, திறந்தால் எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. டீமில் ஆறு பேர்: ஜெர்மானியர் இருவர், ஜப்பான், பிரேசில், நைஜீரியாவிலிருந்து ஒவ்வொருவர், பிறகு இவர். டீமைப் பிரித்ததும் இவரைத் தலைவராகப் போட்டதும் பேராசிரியர்கள்தான்.

நான்கு வாரம் ஓடிவிட்டது. இன்னும் 12 நாளில் இடைக்கால அறிக்கையை நிறுவன உரிமையாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். ஜெர்மன் நண்பர் எல்லார் முன்னாலும் “இந்தக் கணக்கு தவறு, இதை வைத்து எதுவும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டார். இவருக்கு அன்று இரவு தூக்கமில்லை. ஜப்பானிய நண்பர் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, முடிவெடுத்த மறுநாள் மூன்று பக்க மின்னஞ்சலில் ஆட்சேபணை அனுப்புகிறார். பிரேசில் நண்பர் காலை 8.30 மீட்டிங்குக்கு எப்போதும் 15, 20 நிமிடம் தாமதம். ஜெர்மானியர் இருவரும் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வதாக நைஜீரியத் தோழி குறைபடுகிறார். வேறு வழியில்லாமல் இருவர் எழுதிய பகுதிகளை இவரே இரவோடு இரவாகத் திருத்தி எழுதினார். நன்றி வரும் என்று பார்த்தால் கோபம் வந்தது. டீமின் வாட்ஸ்அப் குழுவில் “நம் பொது நோக்கம்: உன்னதம்” என்று போட்டதற்கு நால்வர் கட்டைவிரல் காட்டியதோடு சரி. கடைசியாக நடந்த மீட்டிங்கை யாருக்கும் தெரியாமல் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

தலைமையை விட்டு விலகிவிடலாமா, பிரேசில் நண்பரை டீமிலிருந்து நீக்கச் சொல்லிப் பேராசிரியரிடம் கேட்கலாமா, ஜெர்மன் நண்பர்மீது புகார் கொடுக்க அந்தப் பதிவு உதவுமா என்று கேட்கிறார். அடிக்கோடிட்டு இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: இவ்வளவு வேறுபட்ட கலாச்சாரக்காரர்களுக்குப் பொது நோக்கம் என்று ஒன்று இருக்கத்தான் முடியுமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஒலிப்பதிவு. மற்றதெல்லாம் நாளைக்குக்கூடச் செய்யலாம், இது இன்றைக்கே. நால்வர் உட்கார்ந்து மூடிய அறையில் பேசுவதை அவர்கள் சம்மதமில்லாமல் பதிவு செய்வது ஜெர்மனியில் வெறும் நாகரிகக் குறைவு இல்லை, குற்றம். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவு, பொதுவெளியில் பேசாத பேச்சை ரகசியமாகப் பதிவதற்கும், அப்படிப் பதிந்ததைப் பயன்படுத்துவதற்கும், அடுத்தவருக்குப் போட்டுக் காட்டுவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் என்கிறது. அந்தப் பதிவோடு புகார் கொடுக்கப் போனால், அறையை விட்டு வெளியே வரும்போது குற்றம் சாட்டப்பட்டவர் நீங்களாக இருப்பீர்கள். இதுவரை யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அதைப் போட்டுக் காட்டவோ பகிரவோ வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகளுக்கும் இதே கவனம் வேண்டும்: எல்லாரிடமும் கேட்டு, எல்லாரும் சரி என்ற பிறகே. ஆதாரம் வேண்டுமென்றால் மீட்டிங் முடிந்த அன்றே தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று ஐந்தாறு வரி எழுதிவையுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் மன்றமே இலவசச் சட்ட ஆலோசனை நேரம் வைத்திருக்கும். மனதில் இன்னும் பயமிருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

நாட்டின் பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் நான்கு இடத்தில் “அவர்கள் கலாச்சாரம் அப்படி” என்று வருகிறது. வகுப்பில் படித்த அட்டவணையையும் சேர்த்திருக்கிறீர்கள்: அதிகார இடைவெளியில் (மேலே இருப்பவர்களுக்கு அதிக அதிகாரம் இருப்பதை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவு) இந்தியா 77, பிரேசில் 69, ஜப்பான் 54, ஜெர்மனி 35. எண்கள் சரி. ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். டச்சு ஆய்வாளர் ஹோஃப்ஸ்டீட், 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு அதன் அடித்தளம். அது நாட்டுச் சராசரி. சராசரியைக் கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை அளக்கக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். கோவையின் சராசரி மழையளவு தெரிந்தால் இன்று குடை எடுக்க வேண்டுமா என்று தெரிந்துவிடாது அல்லவா?

கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டுத் தாண்டிப்போன விவரங்களை இப்போது திரும்பப் படியுங்கள். “கணக்கு தவறு” என்றவர் எம்பிஏக்கு முன்னால் ஆறு ஆண்டுகள் தணிக்கையாளர். தவறான எண்ணைக் கண்டதும் அங்கேயே நிறுத்துவதுதான் அவர் சம்பளம் வாங்கிய வேலை. கோவையில் உங்கள் கம்பெனிக்கு வந்த ஆடிட்டர் அதைவிட இனிமையாகவா பேசினார்? தாமதமாக வருபவர், குழந்தையைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு வருகிறார் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மீட்டிங் 8.30-க்கு வைத்தது யார்? அதை 9.15-க்கு மாற்றிப் பார்க்காமல் ‘பிரேசில்காரர்களின் நேர உணர்வு’ பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. ஜப்பானிய நண்பரை அவர் கம்பெனியே செலவு செய்து படிக்க அனுப்பியிருக்கிறது. படிப்பு முடிந்ததும் அதே கம்பெனிக்குத் திரும்புபவர். இந்த மதிப்பெண் அவருக்குப் பெரிதில்லை. தன் பெயரைப் போட்ட அறிக்கையில் ஓட்டை இருந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிது.

அதனால் இந்தப் பதிலில் இனி அவர்களைத் தணிக்கையாளர், குழந்தையின் அப்பா, கம்பெனி அனுப்பியவர் என்றும், வங்கியிலிருந்து வந்த நைஜீரியத் தோழியை வங்கித் தோழி என்றுமே சொல்லப்போகிறேன். நீங்களும் ஒரு வாரம் மனதுக்குள் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

கலாச்சாரமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் ஒரு முடிவை மீட்டிங்குக்குக் கொண்டுவருமுன் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிவிடும் வழக்கம் உண்டு. அதை நெமாவாஷி என்பார்கள். மரத்தை வேறிடத்தில் நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டித் தயார் செய்வதற்கான தோட்டக்காரர் சொல் அது. அப்படிப் பழகியவருக்கு மீட்டிங் என்பது ஏற்கெனவே கனிந்த முடிவை உறுதி செய்யும் இடம். அவருடைய “ஹாய்”, அதாவது ஜப்பானிய மொழியில் ஆமாம், பல நேரம் “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதுதான், “ஒப்புக்கொண்டேன்” என்பதல்ல. மூன்று பக்க மின்னஞ்சல் முதுகில் குத்துவதில்லை. நீங்கள் முன்கூட்டிக் கேட்காததால் பின்னால் வந்த பதில். ஆனால் இவர் விஷயத்தில் காரணம் இதுதானா, இல்லை வேகமான ஆங்கிலத்தைப் பிடிப்பதில் உள்ள சிரமமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்திலும் சில இருக்கின்றன

வருத்தப்படாமல் படியுங்கள். முதலில் தலையாட்டுவது. நாம் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து ஆட்டினால் “சரி, புரிகிறது” என்று பொருள். உங்கள் டீமில் மற்ற ஐவரில் யாருக்கும் அது ஆமாமாகத் தெரிய வாய்ப்பில்லை. சிலருக்கு இல்லை என்றும், சிலருக்கு யோசிக்கிறார் என்றும் தெரியும். வீடியோ காலில் இன்னும் மோசம். வாயால் “ஆம்” அல்லது “இல்லை” சொல்லிப் பழகுங்கள்.

அடுத்தது பேராசிரியரிடம் சொன்ன ‘ஆமாம்’. மூன்றாம் வாரம் அவர் “எல்லாம் நேரப்படி போகிறதா?” என்று கேட்டபோது, மரியாதைக்காக ஆமாம் என்றிருக்கிறீர்கள். நம் ஊரில் பெரியவரிடம் பிரச்சினையை நேராகக் கொண்டுபோகத் தயங்குவோம். அங்கே அந்தக் கேள்வி உண்மையான பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படுகிறது. இப்போது திடீரென்று “ஒருவரை நீக்குங்கள்” என்று போய் நின்றால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, “அப்போது ஏன் சொல்லவில்லை?”

மூன்றாவதாக, இரவில் திருத்தி எழுதியது. நீங்கள் இதைத் தியாகம் என்று எண்ணுகிறீர்கள். காலையில் கோப்பைத் திறந்த இருவருக்கும், “உங்கள் வேலைக்கு மதிப்பில்லை” என்று தலைவர் எழுதிக் கொடுத்தது போலிருந்திருக்கும். அடுத்த முறை அவர்கள் முக்கால்வாசி செய்து நிறுத்திக்கொள்வார்கள், எப்படியும் நீங்கள் மாற்றப்போகிறீர்கள் என்பதால். ‘ஒத்துழைக்காத டீம்’ பல இடங்களில் இப்படித்தான் உருவாகிறது. இன்னொரு அபாயமும் உண்டு: ஜெர்மன் தேர்வு விதிகள் பெரும்பாலானவற்றில், குழு வேலைக்கு மதிப்பெண் தர ஒவ்வொருவர் பங்கும் தனியாகப் பிரித்தறியக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்தவர் பெயரிலுள்ள பகுதியை நீங்கள் எழுதியிருந்தால் சிக்கல் இருவருக்கும். இனி கோப்பில் கருத்து மட்டும் போடுங்கள்; திருத்துவது எழுதியவர் வேலை.

கடைசியாக, ஊர். டீம் புணேயின் பக்கம் சாய்கிறது, “கோவையின் அருமை இவர்களுக்குத் தெரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். கோவையின் வார்ப்பட ஆலைகளும் பம்ப், மோட்டார்த் தொழிலும் எப்பேர்ப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியும். புணேயைச் சுற்றி ஜெர்மன் கம்பெனிகள் ஏராளம் என்பதும் உண்மை. ஆனால் சர்வீஸ் சென்டருக்கு முதல் கேள்வி இரண்டுமில்லை: அந்த நிறுவனத்தின் வால்வுகள் இப்போது இந்தியாவில் எங்கெங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன, பழுது வந்தால் ஆள் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும்? உதிரிபாகம் எந்தத் துறைமுகம், எந்த விமான நிலையம் வழியாக வரும்? பயிற்சி பெற்ற ஃபிட்டர் கிடைப்பாரா? ஊர்ப் பெயர்களை மேசைமேல் போடுமுன், எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்று ஆறு பேரும் தீர்மானித்து எழுதிப் பூட்டிவிடுங்கள். ஊர்களை ஒப்பிடும் பகுதியை நீங்கள் எழுத வேண்டாம். நீங்கள் கொடுக்க வேண்டியது, பேசிப் பார்க்கத் தகுந்த ஆட்களின் தொடர்பும், எந்தக் கேள்வி கேட்டால் உண்மை வரும் என்ற அனுபவமும். இந்தியர் என்பதால் இந்தியா முழுக்கத் தெரிந்தவராக உங்களை அவர்கள் நினைத்திருந்தால், அதையும் நீங்களே திருத்துங்கள்.

பொது நோக்கம் எப்படி உண்டாகிறது

“உன்னதம்” என்பது நோக்கம் இல்லை, ஏனென்றால் அதை யாரும் மறுக்க முடியாது. நல்ல நோக்கம் எதையாவது வேண்டாம் என்று தள்ள வேண்டும். அதைப் பார்த்து “அப்படியானால் இந்த ஸ்லைடு தேவையில்லை” என்று ஒருவர் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணும் பொது நோக்கமாகாது. உங்களுக்குக் கடன் இருக்கிறது, நல்ல வேலை வேண்டும். கம்பெனி அனுப்பியவருக்கு மதிப்பெண் அவ்வளவு முக்கியமில்லை. தணிக்கையாளருக்கு அந்த வால்வு நிறுவனத்திலேயே வேலை கிடைத்தால் நல்லது என்ற எண்ணம் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வங்கித் தோழி தன் நாட்டுக்குத் திரும்பித் தொழில் தொடங்கப்போகிறவர். ஆறு பேருக்கு ஆறு நோக்கம் இருப்பது குறையே இல்லை. அந்த ஆறையும் ஒழிக்கத் தேவையில்லை. ஆறும் நிறைவேற எந்த ஒரு காரியம் நடந்தாக வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

மாதிரிக்கு ஒன்று: “பத்தாம் வார முடிவில், உரிமையாளர் குடும்பம் வேறு ஆலோசகரைத் தேடாமல், ஒரே கூட்டத்தில் சென்டர் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும், அதற்கு எங்கள் அறிக்கையின் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.” இதில் தணிக்கையாளரின் கண்டிப்புக்கு இடம் இருக்கிறது. கம்பெனி அனுப்பியவரின் நிதானத்துக்கும் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் விவசாய இயந்திர உதிரிபாக விநியோகத்தில் இருந்த குழந்தையின் அப்பாவுக்கு இருக்கும் அறிவு இந்த அறிக்கைக்கு உயிர்நாடி. அதை டீம் இதுவரை கேட்கவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. இது உங்கள் டீமுக்கு மட்டும் நேர்வதில்லை. குழுக்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகும் என்பதை ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-லேயே சோதனையில் காட்டினார்கள். அவரை நீக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் நீங்கள் இழந்திருப்பது யாரை என்று யோசியுங்கள்.

நான்கு வாரம் வீணாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். டீம்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக்மன் ஒரு தோராயக் கணக்கு சொல்லியிருந்தார்: டீம் எப்படிப் போகும் என்பதில் 60 சதவீதம் தொடங்குமுன் செய்யும் ஏற்பாடு, 30 சதவீதம் தொடங்கிவைக்கும் விதம், மீதி 10 சதவீதம்தான் நடுவில் தலைவர் செய்யும் வழிகாட்டல். அந்த 90-ஐ நீங்கள் தவறவிட்டது உண்மை. ஆனால் கானி கெர்சிக் 1988-ல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குச் சாதகம்: அவர் கவனித்த எட்டுக் குழுக்களும், கொடுத்த காலம் எவ்வளவாக இருந்தாலும், ஏறக்குறைய அதன் பாதியில்தான் பழைய போக்கை உதறிவிட்டுப் புதிதாகப் புறப்பட்டன. உங்கள் இடைக்கால அறிக்கை வருவது ஆறாம் வாரத்தில். எல்லாரும் மாற்றத்துக்குத் தயாராக இருக்கும் சமயம் அது. இரண்டாவது தொடக்கம் வைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

அடுத்த 12 நாள்

முதல் மூன்று நாளில் ஐவரையும் தனித்தனியே பாருங்கள், ஆளுக்கு 25 நிமிடம், காபி குடித்துக்கொண்டே. யாருடைய பகுதியைத் திருத்தி எழுதினீர்களோ அந்த இருவரை முதலில். அவர்களிடம் பேச்சைத் தொடங்கும்போதே மன்னிப்பு, விளக்கம் சேர்க்காமல்: “உங்களிடம் கேட்காமல் மாற்றியது தவறு. பழைய வடிவத்தை மீட்டு வைத்திருக்கிறேன்.” பிறகு எல்லாரிடமும் இந்த நான்கும்: இந்த புராஜெக்டிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்? எது நடந்தால் இதைத் தோல்வி என்பீர்கள்? நீங்கள் செய்யக்கூடியது, நாங்கள் இதுவரை கேட்காதது எது? நான் செய்வதில் எது உங்கள் வேலைக்குத் தடையாக இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பிறகு பத்து விநாடியாவது வாயைத் திறக்காதீர்கள். பதில் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

நான்காம் நாள் எல்லாரும் சேர்ந்து 90 நிமிடம். நோக்க வாக்கியத்தின் வரைவையும் கேட்க வேண்டிய முடிவுகளையும் 48 மணி நேரம் முன்னால் ஒரே பக்கத்தில் அனுப்பிவிடுங்கள். முதல் 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது. அவரவர் கருத்தைத் தாளில் எழுத வேண்டும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் எழுதியதை வாசிப்பார்கள், நீங்கள் கடைசி. தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் பேச்சு அதன் நிழலில் போய்விடும். நோக்க வாக்கியத்துக்கு 30 நிமிடம், யார் எதைச் செய்வது என்பதற்கு 30, நடைமுறைக்கு 20.

நடைமுறை என்றால் நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். ஒரு பக்கம் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் டீமுக்கு இந்த நான்கும் போதும் என்று நினைக்கிறேன். மீட்டிங் 9.15-க்கு, தவறாமல். ஒவ்வொரு முடிவும் மீட்டிங் முடிந்து 24 மணி நேரம் ‘தற்காலிகம்’; அதற்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், அதன் பிறகு முடிவு முடிவுதான். இதனால் மூன்று பக்க மின்னஞ்சல் குற்றமாக இல்லாமல் டீமின் வழியாகவே ஆகிவிடும். அறையில் ஆறு பேர் இருந்தால் ஆங்கிலம். வாடிக்கையாளரோடு ஜெர்மனில் பேச வேண்டியிருந்தால் அன்றே ஐந்து வரி ஆங்கிலக் குறிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் எக்செல்லில் மூலம், தேதி, சரிபார்த்தவர் என்று மூன்று கட்டம். அந்த மூன்றாவது கட்டத்தின் பொறுப்பு தணிக்கையாளருக்கு.

ஜெர்மன் பேச்சு விஷயத்தில் வங்கித் தோழியின் குறையைச் சிறிதாக எண்ணிவிடாதீர்கள். ஒரே நாடு, ஒரே மொழி, வாடிக்கையாளரோடு நெருக்கம் ஆகிய எல்லாம் ஒரே இருவரிடம் குவிந்தால் டீம் அந்தக் கோட்டில் பிளந்துவிடும். லாவ், மர்னிகன் என்ற ஆய்வாளர்கள் 1998-ல் இதற்குப் பூமியின் பிளவுக் கோடு என்ற உவமையையே பெயராக வைத்தார்கள். அறிவுரை சொல்லி அதை ஒட்டவைக்க முடியாது, வேலையைப் பிரிக்கும் விதத்தில்தான் முடியும். ஜெர்மானியர் இருவரையும் வேறு வேறு ஜோடியில் போடுங்கள்: ஒருவர் வங்கித் தோழியோடு முதலீட்டுக் கணக்கில், தணிக்கையாளர் குழந்தையின் அப்பாவோடு உதிரிபாகச் செலவில். கம்பெனி அனுப்பியவரோடு நீங்கள், அபாயங்கள் பகுதியில். வாடிக்கையாளர் அழைப்புகளில் சுழற்சி முறையில் இன்னொருவரும் உட்காரட்டும்.

தணிக்கையாளரிடம் மென்மையாகப் பேசச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் அடுத்த முறை தவறைக் கண்டும் பேசாமல் இருந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. கேட்க வேண்டியது வேறு: “பெரிய தவறு கண்டால் மீட்டிங்குக்கு முந்தைய மாலையே எனக்கு அனுப்புங்கள், திருத்திக்கொண்டு வருகிறேன்.” அவர் “தவறு” என்னும்போதெல்லாம் எந்த எண், அதை மாற்றினால் முடிவு மாறுமா, உங்களிடம் இருந்தால் எதைப் போடுவீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு உங்களை விட்டு எக்செல்லுக்குப் போய்விடும். ஆனால் அவர் உங்கள் உச்சரிப்பையோ, நாட்டையோ, நிறத்தையோ பற்றிப் பேசியிருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அது கண்டிப்பு இல்லை, பாகுபாடு. நேராகப் பள்ளியின் சம வாய்ப்பு அல்லது குறைகேட்பு அதிகாரியிடம் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. வங்கித் தோழிக்கு நேர்ந்திருக்கிறதா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள்.

விலகலாமா, நீக்கலாமா

விலகுவதில் தவறில்லை, ஆனால் இப்போது வேண்டாம். நான்காம் நாள் கூட்டத்தில், “இடைக்கால அறிக்கைக்குப் பிறகு தலைமையை வேறொருவர் எடுத்துக்கொள்ள விரும்பினால் பேசலாம்” என்று நீங்களே சொல்லுங்கள். யாராவது முன்வந்தால் பேராசிரியருக்குத் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள். இன்று கோபத்தில் விலகினால் 12 நாளில் இன்னொருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அறிக்கை நிச்சயம் விழும்.

நீக்குவது வேறு கதை. பதிவான ஒரு மாணவரை டீமை விட்டு அனுப்பும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அது பாடப் பொறுப்பாளரும் தேர்வுக் குழுவும் பார்க்கும் விஷயம். வேலை ஒப்படைக்கப்பட்டது, நாள் குறிக்கப்பட்டது, நினைவூட்டப்பட்டது, வரவில்லை என்று எழுத்தில் காட்ட முடியாமல் அங்கே போய்ப் பயனில்லை. உங்களிடம் இருப்பது தாமத வருகை மட்டும், அதற்குக் காரணமும் தெரியும். நேரம் மாற்றி, வேலையைத் தெளிவாகப் பிரித்த பிறகும் அவர் பகுதி இரண்டு முறை வராவிட்டால், முதலில் அவரிடம், பிறகு டீமில் எழுத்தில், அதன் பிறகு பேராசிரியரிடம். இப்போதைக்குப் பேராசிரியரைப் பார்த்து ஒன்றை மட்டும் திருத்துங்கள்: “எல்லாம் சரி என்று சொன்னேன், அது சரியில்லை. இந்த வாரம் இதையெல்லாம் மாற்றுகிறோம்.” அவர் மதிப்பில் நீங்கள் இறங்க மாட்டீர்கள்.

போன பருவக் குழு வேலையில் 2.3 வாங்கியதை வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் முறையில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை, 2.3 ‘நன்று’ வகுப்பில் வருகிறது. தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு பாடத்தில் குறைந்தால் விசா போய்விடும் என்பதும் தவறான பயம். படிப்பை நியாயமான காலத்தில் முடிக்க முடியுமா என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்கள். முடித்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்கும் அனுமதியும் கேட்கலாம். தூக்கம் வரவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. அங்கே மாணவர் நலச் சேவை அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனை பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். இரண்டு வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டால் நேரம் கேட்டு எழுதுங்கள்.

இன்று மாலை ஐவருக்கும் தனித்தனியாக அனுப்ப ஒரு வரைவு தருகிறேன். உங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், குழுவில் போட வேண்டாம்:

“கடந்த நான்கு வாரம் நான் டீமை நடத்திய விதத்தில் சிலவற்றை மாற்ற நினைக்கிறேன். அதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. நாளை அல்லது மறுநாள் 25 நிமிடம் கிடைக்குமா? உங்களுக்கு வசதியான நேரத்தையும் இடத்தையும் நீங்களே சொல்லுங்கள்.”

குழந்தையின் அப்பா சொல்லும் நேரம் மாலையாகவோ, விளையாட்டுத் திடலாகவோ இருந்தால், அங்கேயே போங்கள்.